லாபிஸ் தோட்டத்துச் சனிக்கிழமை ரிப்போர்ட்டுகள்

வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியருக்கு முக்கியமாக என்ன வேண்டும் என்று உங்களில் ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். பொறுமை, அறிவு, கண்டிப்பு என்று மூன்றையும் அவரே எழுதிவிட்டு, இவற்றில் எது முதலில் வரும் என்று மட்டும் நான் சொன்னால் போதும் என்றும் எழுதியிருந்தார். இந்த மூன்றும் எனக்கு இருந்த காலத்தில்தான் நான் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தேன். அதனால் இவற்றை வரிசைப்படுத்த எனக்குத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது ஜோகூர் பாருவில், ஒரு சுங்க அலுவலக குமாஸ்தாவின் வீட்டில். எனக்கு அப்போது இருபது வயது. அந்த வீட்டுப் பையன் கட்டுரை எழுத உட்கார்ந்தால் கண் கலங்கிவிடும். பாவமாக இருக்கும். முதல் வரியை நான் சொல்வேன், பிறகு இரண்டாவது வரியையும் சொல்வேன், கடைசியில் முழுவதையும் சொல்லிவிடுவேன். ஒரு நாள் அவனுடைய வகுப்பு ஆசிரியை வழியில் என்னை நிறுத்தினார். "அந்தப் பையனுக்கு நான் போடுற மார்க்கெல்லாம் உனக்குத்தான் வந்து சேருது. உனக்குப் பரீட்சை எழுதணும்னு ஆசையா இருந்தா சொல்லு, தனியா ஒரு பேப்பர் தரேன்" என்றார். தெருவில் நாலு பேர் கேட்கும்படிதான் சொன்னார். அந்த வருஷம் பையன் தோற்றான். என் வேலையும் போயிற்று.

அவர் சொன்னது சரிதான். ஆனால் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. என் இரக்கம்தான் தப்பு செய்தது என்று முடிவு கட்டினேன். இனி எந்தப் பிள்ளையின் கண்ணீருக்கும் மசியக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு, அடுத்த வேலைக்கு லாபிஸ் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு ரயில் ஏறினேன்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. கூலி ஆட்கள் குடியிருந்த தோட்டத்து லயங்களில் பாதி காலியாகிவிட்டன. பால்வெட்டு ஆட்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என்னை வேலைக்கு வைத்தவர் அந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஞானப்பிரகாசம். ஆபீஸ் கணக்கு முழுவதும் அவர் கையில் இருந்தாலும், தன் வேலை எத்தனை நாளைக்கு என்று அவருக்கே தெரியாது. அவருக்கு ஒரே மகள். பெயர் செசிலி. வயது பதினொன்று, அந்த வயதுக்கு உயரம் அதிகம். ஜோகூர் பாருவில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் தை மாதச் சேர்க்கைக்கு அவளைத் தயார் செய்ய வேண்டும். அந்த வருஷத்தை விட்டால் வயது கடந்துவிடும், பிறகு சேர்க்க மாட்டார்கள்.

"டீச்சரம்மா, தொரை எப்ப யாரைக் கூப்பிட்டு வீட்டுக்குப் போன்னு சொல்லுவாருன்னு தெரியாது. என் வேலை போறதுக்குள்ள இவ அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள போயிடணும். ஒரு நர்சாவோ டீச்சராவோ ஆயிட்டா அப்புறம் நான் எங்க போனாலும் கவலையில்ல" என்றார் முதல் நாளே. வீட்டோடு தங்கிப் பாடம் சொல்ல ஏற்பாடு. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்றார். ஆபீசில் எல்லாவற்றுக்கும் ரிப்போர்ட் வாங்கிப் பழகியவர்.

முதல் இரண்டு மாதம் அந்தத் தாள்களில் நல்லதையே எழுதினேன். செசிலிக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஆங்கில வாசிப்பும் நன்றாக வந்தது. பிறகு மலேரியா வந்து மூன்று வாரம் படுத்துவிட்டாள். தோட்டத்தில் அது புதிதல்ல. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலையும் பார்த்த டிரெசர் கொய்னா மருந்து கொடுத்தார், காய்ச்சல் இறங்கியது. எழுந்து வந்தவள் இளைத்திருந்தாள், அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு டிக்டேஷன் எழுதச் சொன்னால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவாள். நான் சொன்ன சொல்லை விட்டு வேறு எதையோ எழுதி வைப்பாள். கேள்வி ஒன்று கேட்டால் பதில் வேறொன்று வரும். சில நேரம் பதிலே வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணை எடுக்கவே மாட்டாள். அது எனக்குத் திமிராகப் பட்டது.

"என் மூஞ்சியில என்ன எழுதியிருக்கு? புத்தகத்தைப் பாரு" என்பேன். குனிந்துகொள்வாள். குனிந்தால் இன்னும் தப்பாக எழுதுவாள்.

ஒரு நாள் அவளே சொன்னாள். "காதுல பூச்சி கத்துற மாதிரி இருக்கு டீச்சர். எந்நேரமும் கத்துது."

எனக்கு ஜோகூர் பாரு பையனின் கண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது. "எழுத முடியலேன்னா பூச்சி, புழுன்னு சாக்கு சொல்லக் கூடாது. எழுது" என்றேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை ரிப்போர்ட்டில், 'கவனமில்லை. பிடிவாதம். வேண்டுமென்றே செய்கிறாள்' என்று எழுதினேன். கடைசி வரியை எழுதும்போது பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. கிராணி அதைப் படித்துவிட்டு ரோத்தான் பிரம்பை எடுத்தார். நல்ல மனிதர்தான், அதுவரை மகளை அடித்தவரில்லை. பயம்தான் அவரை அடிக்க வைத்தது. அவர் மனைவி மரியம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடி முடிந்த பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், அடுத்த வாரம் கொஞ்சம் நல்லதா எழுதுங்க லா" என்றார்.

"உள்ளதைத்தான் எழுத முடியும் அக்கா" என்றேன்.

ஐந்து சனிக்கிழமைகள் இப்படிப் போயின. ஐந்து ரிப்போர்ட்டுகள், ஐந்து முறை அடி. பிள்ளை அழுவதையும் விட்டுவிட்டாள். அதையும் நான் பிடிவாதம் என்றே எழுதினேன்.

ஆறாவது வாரம், ஒரு பகல் நேரத்தில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் உட்கார்ந்திருந்தது வீட்டின் பின்பக்கத்து அறை, மேலே தகரக் கூரை. நவம்பர் மழை அந்தத் தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. டிக்டேஷன் பாதியில் இருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க வேண்டுமே என்ற சலிப்பில், புத்தகத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து மூடினேன். அவளும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். அந்த இரைச்சலில் 'புத்தகத்தைப் பாரு' என்று சொல்லவும் வழியில்லை.

மழை விட்டதும் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மழையில் எழுதிய வரிகளில் ஒரு பிழை இல்லை.

மறுபடியும் படித்தேன். பிழைகள் எல்லாம் மழைக்கு முந்தைய வரிகளில் இருந்தன. பிறகு அவளைப் பார்த்து, குரலே எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்து, "போய் வாசக் கதவைச் சாத்திட்டு வா" என்றேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் திரும்பி உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும் பின்னால் சுவரோரமாகப் போய் நின்று, "செசிலி" என்றேன். எழுதிக்கொண்டே இருந்தாள். இன்னும் சத்தமாக, அடுப்படியிலிருந்து அவள் அம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, "செசிலி" என்றேன். அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

முன்னால் வந்து உட்கார்ந்து கேட்டேன். "எப்போ இருந்து கேக்கல?"

"காய்ச்சலுக்கு அப்புறம். கொஞ்சம் கொஞ்சம் கேக்கும். கிட்ட வந்து பேசினா கேக்கும்."

"ஏன் சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள். "சொன்னேனே டீச்சர். பூச்சி கத்துதுன்னு சொன்னேன்."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகள் பல மறந்துவிட்டன. இந்த வாக்கியம் மட்டும் மறக்கவில்லை. அவள் குற்றம் சாட்டும் குரலில் பேசவில்லை. நான் மறந்துவிட்டேனோ என்று எனக்கு எடுத்துச் சொன்னாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் டிரெசர் வந்து பார்த்தார். கொய்னா அளவுக்கு மீறினால் சிலருக்குக் காதை அடைக்கும் என்றார். "அநேகம் பேருக்குத் திரும்பி வந்துரும். சிலருக்கு வர்றதில்ல. இத்தனை வாரமா இருக்குன்னா, எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். பிறகு கிராணியைப் பார்த்து, "நான் கொடுத்த அளவு இப்படிச் செய்யாதுங்களே" என்றார்.

கிராணி நாற்காலியில் உட்கார்ந்தார். "சீக்கிரம் எழும்பட்டும்னு நான்தான் டவுன்ல இருந்து கூடுதலா வாங்கிட்டு வந்து கொடுத்தேன். பாடம் போயிடக் கூடாதுன்னு கொடுத்தேன்" என்றார். சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் வேறு ஆளாக எழுந்தார். சேர்க்கைப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. என்னையும் மரியம்மாவையும் உட்கார வைத்து, "இது இந்த வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது" என்றார்.

"பள்ளிக்கூடத்துல சொல்லிருவோம்ங்க. சொன்னா பக்கத்துல உட்கார வச்சுச் சொல்லிக் கொடுப்பாங்க" என்றார் மரியம்மா.

"செவிட்டுப் பிள்ளைன்னு சொன்னா எவன் சேர்ப்பான்? நல்ல காது உள்ள பிள்ளைங்களுக்கே அங்க இடம் இல்ல. டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க. வாயைப் பார்த்தே எழுதுறாளே, போதாதா?"

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையில் பள்ளிக்கூடங்களைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மரியம்மா சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் பள்ளியில் போய்ச் சொன்னால், ஆறு வாரமாக இதைக் கண்டுபிடிக்காத டீச்சர் யார் என்று கேட்பார்கள். ஜோகூர் பாருவில் ஏற்கெனவே ஒரு முறை என் பெயர் கெட்டிருந்தது. இதையெல்லாம் நான் அப்போது இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. நினைக்காமலே வாய் சொல்லிற்று: "முன் பெஞ்சில உட்கார்ந்தா சமாளிச்சிரலாம் ஐயா."

மரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த மூன்று வாரமும் நான் உழைத்த மாதிரி என் வாழ்நாளில் உழைத்ததில்லை. எந்த எழுத்துக்கு உதடு எப்படிக் குவியும், எந்த இரண்டு சொற்கள் வாயில் ஒன்றுபோல் தெரியும், முன்னும் பின்னும் உள்ள சொற்களை வைத்து எப்படி ஊகிப்பது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளை அவ்வளவையும் பிடித்துக்கொண்டாள். அவளைப் போல் கெட்டிக்காரப் பிள்ளையை நான் பிறகு பார்க்கவில்லை. கூடவே இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தேன். யாராவது பேசி அது விளங்காவிட்டால் விழிக்கக் கூடாது, லேசாகத் தலையாட்ட வேண்டும், பக்கத்துப் பிள்ளை செய்வதைப் பார்த்துச் செய்ய வேண்டும், கேட்காவிட்டாலும் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். சனிக்கிழமை ரிப்போர்ட்டுகளில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். கிராணி அவற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான், கிராணி, செசிலி மூவரும் லாபிஸில் ரயிலேறி ஜோகூர் பாரு போனோம். பரீட்சை மறுநாள் காலை. பெற்றோர்கள் வராந்தாவில் காத்திருக்கலாம் என்றார்கள். ஜன்னல் வழியே வகுப்பறை தெரிந்தது. செசிலி நாங்கள் சொன்னபடி முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கணக்குப் பேப்பரை எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டாள். வாசிக்கச் சொன்னபோது எழுந்து தடங்கல் இல்லாமல் வாசித்தாள். கிராணி என் பக்கம் திரும்பி முதல் தடவையாகச் சிரித்தார்.

டிக்டேஷன் தொடங்கும் முன் பரீட்சை வைத்த டீச்சர் உயரமான பிள்ளைகள் மூன்று பேரைப் பின் பெஞ்சுக்குப் போகச் சொன்னார். மற்றவர்களுக்குக் கரும்பலகை மறைத்ததாம். செசிலியும் எழுந்து பின்னால் போனாள். பிறகு அந்த டீச்சர் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்துகொண்டே வாசிக்க ஆரம்பித்தார்.

கதவு திறந்துதான் இருந்தது. எனக்கும் அதற்கும் பத்து அடி இருக்கும். உள்ளே போய், "இந்தப் பிள்ளைக்குக் காது சரியாக் கேக்காது, முன்னால உட்கார வையுங்க" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் ஓர் எட்டு வைத்தேன். கிராணி என்னைப் பார்த்து 'வேண்டாம்' என்று தலையை அசைத்தார். நான் நின்றுவிட்டேன். என்னை வேலைக்கு வைத்தவர் அவர், அதனால் நின்றேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் தலையை அசைத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. முடிவு என்னுடையது அல்ல என்று ஆகிவிட்டதல்லவா?

செசிலி டீச்சரின் முகத்தைத் தேடினாள். புத்தகம்தான் தெரிந்தது. லேசாகத் தலையாட்டினாள். பேனா தாளின் மேல் அப்படியே நின்றது. ஐந்தாறு வாக்கியம் போயிருக்கும். பிறகு பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். மறைக்கக்கூட இல்லை, அவ்வளவு வெளிப்படையாகப் பார்த்தாள். டீச்சர் வந்து தாளை எடுத்துக்கொண்டார்.

தலைமை ஆசிரியை வெள்ளைக்காரப் பெண்மணி. அவருடைய அறையில் நான் அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. செசிலியின் கணக்குத் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தார். "காலையில் இதைச் சொல்லியிருந்தால் என் மேசைக்கு எதிரே உட்கார வைத்து நானே சொல்லி எழுத வைத்திருப்பேன். இந்தக் கணக்குக்காகவே அவளை எடுத்துக்கொண்டிருப்பேன். இப்போது வகுப்பு முழுவதும் பார்த்துவிட்டது, வெளியே பெற்றோர்கள் நிற்கிறார்கள். பார்த்து எழுதிய பிள்ளைக்கு நான் எப்படி இடம் கொடுப்பது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அடுத்த வருஷம் வரலாமா என்று கேட்டேன். வயதைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் கிராணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ரயில் குளுவாங் தாண்டியது. பிறகு செசிலி என் கையைத் தொட்டு என்னைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் பார்த்து எழுதினது தப்புதான் டீச்சர். ஆனா பக்கத்துப் பிள்ளை செய்யுறதைப் பார்த்துச் செய்யின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. நான்தான் சொன்னேன்" என்றேன்.

வீட்டில் மரியம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். ஒரு கூலியும் வேண்டாம், வீட்டிலேயே மேற்கொண்டு சொல்லிக்கொடுக்கிறேன் என்று நான் சொன்னபோது, சோறு போட்டுக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டு, "போதும் டீச்சர்" என்றார். அதில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

இரண்டு மாதத்தில் தொரை கிராணியையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர்கள் ஊருக்குக் கப்பலேறினார்கள். காது திரும்பி வந்ததா, அந்தப் பிள்ளை மேற்கொண்டு ஏதாவது படித்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. கொடுத்த விலாசத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அதற்குப் பிறகு புதிதாக எந்தப் பிள்ளையிடம் போனாலும் முதல் வாரம் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். தூரத்தில் எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்வேன். காலையில் என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்பேன். பிள்ளை சொல்லும் சாக்கு ஒவ்வொன்றையும், அது எவ்வளவு அபத்தமாக இருந்தாலும், ஒரு நாளாவது உண்மை என்று வைத்துக்கொண்டு பார்ப்பேன். பெற்றோருக்குச் சொல்லும் முன் பிள்ளையிடம் கேட்பேன். யோங் பெங்கில் ஒரு பையனுக்குக் கண் தெரியவில்லை என்று இப்படித்தான் பிடித்தேன், கண்ணாடி போட்டதும் அவன் தேறிவிட்டான். அதனால் செசிலிக்கு ஒரு நன்மையும் ஆகிவிடவில்லை. ஒரு பிள்ளைக்குச் செய்த தவறை இன்னொரு பிள்ளையிடம் நேர் செய்துவிடலாம் என்று இந்தத் தொழிலில் சிலர் ஆறுதல் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் நான் உங்களிடமும் பாதிதான் சொன்னதாக ஆகும். ஊருக்குப் புறப்படும் முன் கிராணி ஆபீஸ் டைப்ரைட்டரில் எனக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் அடித்துக் கொடுத்தார். தனக்கு வேலை போன அந்த வாரத்தில், எனக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கண்டிப்பான, நேர்மையான, பிள்ளையின் நலனையே நினைக்கும் ஆசிரியை என்று அதில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் சிகாமட்டில் அடுத்த வேலைக்குப் போனேன். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாளும் படித்தார்.

"அந்தப் பிள்ளை இப்ப எங்க படிக்குது?" என்று கேட்டார்.

"ஊருக்குப் போயிட்டாங்கம்மா" என்றேன்.

நாளைக்கே வந்துவிடுங்கள் என்றார்கள். அந்த வீட்டில் நான் நாலு வருஷம் வேலை பார்த்தேன்.